நிர்வாகி போனால் ஆட்டக்காரர் வருவார்: பேஸ்பாலில் 'ஈடு' வாங்கும் முறை

2012 பிப்ரவரி 21 அன்று சிகாகோ கப்ஸ் அணி, கிறிஸ் கார்ப்பென்டர் என்ற 26 வயது ரிலீஃப் பிட்ச்சரை (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசுபவர்) பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அனுப்பியது. அவருக்கு மாற்றாக பாஸ்டனிலிருந்து அன்று யாரும் கிளம்பவில்லை. கிளம்ப வேண்டியவர் நான்கு மாதம் முன்பே சிகாகோவுக்கு வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். தியோ எப்ஸ்டீன் என்ற அவர் பந்து வீசுபவரும் அல்ல, மட்டை பிடிப்பவரும் அல்ல. அணியைக் கட்டும் நிர்வாகி.

ஓர் அணியின் ஒப்பந்தத்தில் இருக்கும் நிர்வாகியை இன்னோர் அணி எடுத்துக்கொண்டால், எடுத்தவர்கள் இழந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் இதற்குப் பெயர் காம்பன்சேஷன். இங்கே 'ஈடு' என்றே வைத்துக்கொள்வோம். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற மூன்றுக்கும் எழுதப்பட்ட விலைப்பட்டியல் கிடையாது. சண்டையெல்லாம் அங்கேதான் வருகிறது.

யார் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். பேஸ்பாலில் 'மேனேஜர்' என்றால் ஆட்டத்தின்போது டக்அவுட்டில் நின்று அணியை நடத்துபவர். கிரிக்கெட்டில் தலைமைப் பயிற்சியாளரும் கேப்டனும் சேர்ந்து எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதி இவர் கையில். 'ஜெனரல் மேனேஜர்' வேறு ஆள். எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு சம்பளம் தருவது என்பதெல்லாம் அவர் வேலை. அவருக்கும் மேலே 'பிரசிடென்ட் ஆஃப் பேஸ்பால் ஆபரேஷன்ஸ்' என்றொரு பதவியைக் கடந்த இருபது ஆண்டுகளில் பல அணிகள் உருவாக்கியிருக்கின்றன. ஏன் உருவாக்கின என்பதற்கும் ஈட்டுக்கும் தொடர்பு உண்டு, பிறகு வருகிறேன். மேனேஜர், நிர்வாகி இருவர் விஷயத்திலும் ஈட்டின் கணக்கு ஒன்றுதான். அதனால் இரண்டு வகை உதாரணங்களும் இங்கே கலந்தே வரும்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது

நிர்வாகியும் மேனேஜரும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு வேலை செய்பவர்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருவர் கிளம்ப நினைத்தால், மீதமிருக்கும் ஓராண்டு பழைய அணிக்குச் சொந்தம். அவர் மனமில்லாமல் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் அந்த ஓராண்டு போட்டி அணியில் வேலை செய்யாமல் தடுக்கப் பழைய அணி வழி தேடலாம். ஈடு என்பது அந்த மீதி உரிமையை விட்டுக்கொடுப்பதற்கான விலை.

நீதிமன்றம் வரை யாரும் போவதில்லை. 30 அணிகளும் தங்களுக்குள் வரும் தகராறுகளை லீக்கின் ஆணையர் தீர்த்துவைப்பார் என்று முன்பே ஒப்புக்கொண்டவை. மேஜர் லீக் விதிகளில் 3(கே) என்றொரு பிரிவு இருக்கிறது. ஓர் அணியின் ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரர், பயிற்சியாளர், மேனேஜர் யாரிடமும், அந்த அணி முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தராமல், வேறு அணி வேலை பற்றிப் பேசக் கூடாது என்கிறது அது. மீறினால் 'டாம்பரிங்' என்று பெயர், ஆணையர் விசாரிப்பார். நிர்வாகிகள் விஷயத்திலும் இதே ஒழுங்குதான் நடைமுறையில் இருக்கிறது.

ஆக, எல்லாம் 'அனுமதி' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. பழைய அணி அனுமதி தர மறுத்தால் கதை முடிந்தது. தருவதற்கு நிபந்தனை வைத்தால், அந்த நிபந்தனைதான் ஈடு.

ஒரு வழக்கமும் உண்டு. இப்போதைய பதவியைவிட உயர்ந்த பதவிக்கு அழைப்பு வந்தால் பழைய அணி குறுக்கே நிற்பதில்லை. அதே நிலையிலுள்ள பதவி என்றால் தாராளமாக மறுக்கலாம். விதியில் எழுதிய கட்டாயமில்லை, மரியாதைக்காகக் கடைப்பிடிப்பது. நாளைக்குத் தன் உதவியாளரை அடுத்த அணி கேட்கும்போது தடுத்தால், அதற்கடுத்த நாள் தனக்கும் அதே கதி என்று எல்லோருக்கும் தெரியும். வளரவே விடாத அணி என்று பெயர் வாங்கினால் நல்ல இளைஞர்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பதும் காரணம்.

இந்த வழக்கத்தில் ஒரு சந்து இருக்கிறது. எதிர் அணியின் ஜெனரல் மேனேஜர் வேண்டுமா? அவருக்கு 'ஜெனரல் மேனேஜர்' பதவி கொடுத்தால் அது சமநிலை மாற்றம், மறுத்துவிடுவார்கள். 'பிரசிடென்ட்' என்று பலகை மாட்டினால் பதவி உயர்வு. எப்ஸ்டீன் பாஸ்டனில் ஜெனரல் மேனேஜர், சிகாகோவில் பிரசிடென்ட். பெரிய பெயருள்ள பதவிகள் பெருகியதற்கு இது மட்டுமே காரணமல்ல என்றாலும், முக்கியமான காரணங்களில் ஒன்று. இதன் பின்விளைவு வேடிக்கையானது. தன் ஆளைக் காப்பாற்ற நினைக்கும் அணியும் அவருக்கு முன்கூட்டியே பெரிய பட்டம் கொடுத்து வைக்கிறது. அதற்கு மேலே கொடுக்க எதிர் அணியிடம் பட்டம் இருக்காதே.

எந்த வரிசையில் நடக்க வேண்டும்

ஒழுங்காக நடந்தால் வரிசை இப்படி: புது அணியின் உரிமையாளர் பழைய அணியின் உரிமையாளரிடமோ தலைவரிடமோ பேசி அனுமதி கேட்பார். அனுமதி கிடைத்தால், பெரும்பாலும் இத்தனை நாள்தான் என்ற கெடுவோடு, நிர்வாகியிடம் பேச்சு நடக்கும். சம்பளம், ஆண்டுகள், பதவிப் பெயர் முடிவாகும். பிறகு இரு அணிகளும் ஈட்டை முடிவு செய்யும். கடைசியில்தான் அறிவிப்பு.

கெட்டிக்காரப் பழைய அணி இந்த வரிசையை மாற்றப் பார்க்கும். அனுமதி தரும்போதே, 'அவர் உங்களிடம் வந்தால் எங்களுக்கு இன்னாரைத் தர வேண்டும்' என்று எழுதி வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் பேரம் முழுக்க அதன் கையில். நிர்வாகி புது ஊருக்குப் போய்ப் பேட்டி கொடுத்து, புது சட்டை போட்டுப் படமும் எடுத்துக்கொண்ட பிறகு, 'அவரைத் திருப்பி அனுப்பு' என்று யாரும் கேட்க முடியாது. மனசு அங்கே போன ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரையும் அதற்குள் நியமித்திருப்பார்கள்.

எப்ஸ்டீன் விஷயத்தில் நடந்தது இதுதான். 2011 செப்டம்பரில் பாஸ்டன் 7 ஆட்டம் ஜெயித்து 20 ஆட்டம் தோற்று, கையில் இருந்த பிளேஆஃப் வாய்ப்பைக் கோட்டைவிட்டது. அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மீதி. கப்ஸ் உரிமையாளர் டாம் ரிக்கெட்ஸ் அனுமதி கேட்டார், கிடைத்தது. ஐந்து ஆண்டு, 1.85 கோடி டாலர் என்று பேச்சு முடிந்தது. ஈடு மட்டும் முடியவில்லை. பாஸ்டன் பக்கம் மேஜர் லீக் தரத்திலுள்ள ஆட்டக்காரரை எதிர்பார்த்தது, சிகாகோவின் பிட்ச்சர் மாட் கார்ஸா போன்ற பெயர்கள் செய்திகளில் அடிபட்டன. சிகாகோ பக்கம் அந்தப் பேச்சுக்கே இடம் தரவில்லை. இழுத்தடித்துக்கொண்டிருந்தால், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் செய்திகளை இது மூடிவிடும் என்ற நெருக்கடி வேறு. அக்டோபர் 21-ல் எப்ஸ்டீன் போகிறார் என்று இரு அணிகளும் கூட்டாக அறிவித்துவிட்டன. ஈட்டுக்கு நவம்பர் 1 வரை கெடு. அதற்குள் முடியாவிட்டால் ஆணையர் பட் செலிக் தீர்ப்பார்.

முடியவில்லை. இரு தரப்பும் எழுத்தில் வாதங்களை ஆணையருக்குக் கொடுத்தன. இதில் ஒரு சங்கடம் பாருங்கள். 1.85 கோடி டாலர் கொடுத்து எடுத்த மனிதர் அப்படியொன்றும் பெரிய விலைக்கு உரியவரல்ல என்று வாதாட வேண்டிய இடம் சிகாகோவுடையது. இனி அவர் தேவையில்லை என்று வழியனுப்பிவிட்டு, அவர் விலைமதிக்க முடியாதவர் என்று வாதாட வேண்டிய இடம் பாஸ்டனுடையது.

சிகாகோவுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய தீர்ப்பு. 1994-ல் ஆண்டி மெக்ஃபெயில் மின்னசோட்டா ட்வின்ஸிலிருந்து கிளம்பினார். போன இடமும் இதே கப்ஸ்தான். 1987, 1991 இரண்டு வேர்ல்டு சீரிஸ் வென்ற அணியின் ஜெனரல் மேனேஜர் அவர். அப்போதும் ஈடு படியாமல் செலிக்கிடம் போனது. ட்வின்ஸுக்குக் கிடைத்தவர் ஹெக்டர் டிரினிடாட் என்ற மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டிகள்) பிட்ச்சர். அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே போய்விட்டார். இரண்டு கோப்பை வென்றவருக்கே இவ்வளவுதான் என்ற முன்னுதாரணம் கோப்பில் இருக்கும்போது, பாஸ்டன் எதைப் பெரிதாக எதிர்பார்க்க முடியும்?

கடைசியில் ஆணையர் தீர்ப்புக்குக் காத்திராமல் இரு அணிகளும் தாங்களே முடித்துக்கொண்டன. பாஸ்டனுக்கு கார்ப்பென்டர், பிறகு மார்ச் 15-ல் ஆரன் கெர்ஸ் என்ற இளம் பிட்ச்சர். சிகாகோவுக்கு எப்ஸ்டீனோடு ஹன்டர் செர்வென்கா என்ற மைனர் லீக் பிட்ச்சர்.

ஏன் ஆட்டக்காரர்? பணம் கொடுத்தால் ஆகாதா?

அமெரிக்கக் கால்பந்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். அங்கே பயிற்சியாளர் மாறினால், புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தங்கள் தேர்வு உரிமையைக் கொடுப்பார்கள். 2002-ல் ஜான் க்ரூடனுக்காக டாம்பா பே அணி ஓக்லாந்து ரெய்டர்ஸுக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே 80 லட்சம் டாலர் கொடுத்தது. பேஸ்பாலில் வழக்கமான டிராஃப்ட் தேர்வுகளை வர்த்தகம் செய்ய முடியாது. 2012 முதல் ஒரு சிறு வகைத் தேர்வுகளுக்கு மட்டும் விலக்கு வந்தது. பெரிய தொகை கைமாறினால் ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அதனால் கையில் மிஞ்சும் நாணயம் மைனர் லீக் இளைஞர்கள்தான்.

பணத்துக்குக் கட்டுப்பாடு வந்த கதைக்கும் இந்தத் துறைக்கும் ஒரு சுவையான இணைப்பு உண்டு. 1976 ஜூனில் ஓக்லாந்து ஏ'ஸ் உரிமையாளர் சார்லி ஃபின்லி தன் மூன்று நட்சத்திர ஆட்டக்காரர்களை 35 லட்சம் டாலருக்கு விற்கப் பார்த்தார். விளையாட்டின் நலனுக்கு இது ஆகாது என்று ஆணையர் போவி கூன் ரத்து செய்தார். அதே ஃபின்லி அதே ஆண்டு நவம்பரில் தன் மேனேஜர் சக் டேனரை பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்குக் கொடுத்து, கேட்ச்சர் மேனி சாங்கியனையும் 1,00,000 டாலரையும் வாங்கிக்கொண்டார். இதை யாரும் ரத்து செய்யவில்லை. டேனர் 1979-ல் பிட்ஸ்பர்க்குக்கு வேர்ல்டு சீரிஸ் வாங்கித் தந்தார். அதற்குள் சாங்கியனும் பழைய அணிக்கே திரும்பிவந்து, அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் வெற்றியைத் தந்த அடியை அடித்தார். தனக்குக் கொடுத்த விலையும் தன்னிடமே திரும்பிவந்த மேனேஜர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆட்டக்காரரை ஈடாகக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் உண்டு. ஒவ்வோர் அணிக்கும், மேஜர் லீக்கில் இறக்கத் தகுதியுள்ளவர்களின் 40 பேர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. மேஜர் லீக் வரை வந்துபோன கார்ப்பென்டர் போன்றவர் அந்தப் பட்டியலில் இருப்பவர். அவரை வாங்கும் அணிக்குப் பட்டியலில் காலியிடம் வேண்டும், இல்லையென்றால் வேறொருவரை வெளியேற்ற வேண்டும். பட்டியலுக்கு வெளியே இருக்கும் கெர்ஸ் போன்ற இளைஞருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஈடாகப் போகிறவர்களில் பலர் பெயரே கேள்விப்படாத மைனர் லீக்காரர்களாக இருக்கிறார்கள்.

'பெயர் பிறகு அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்' என்ற ஏற்பாடும் அடிக்கடி பயன்படும். இன்று கைகுலுக்கிவிட்டு ஆளை ஆறு மாதத்துக்குள் முடிவு செய்யலாம். வாங்கும் அணி இரண்டு மூன்று பேர் கொண்ட பட்டியலை வைத்து, வசந்தகாலப் பயிற்சியில் அவர்கள் எப்படி வீசுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அவசரத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்போது இது இரு தரப்புக்கும் மூச்சுவிட இடம் தரும்.

மருத்துவ அறிக்கை இன்னொன்று. கார்ப்பென்டர் பாஸ்டனுக்கு வந்த அடுத்த மாதமே முழங்கையில் எலும்பு முள் அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் போனார். அந்த ஆண்டு கடைசியில் 8 ஆட்டங்கள் வீசினார், பெரிதாக ஒன்றுமில்லை. 2014-ல் ஜப்பானின் யாகுல்ட் ஸ்வாலோஸில் வீசிக்கொண்டிருந்தார். எப்ஸ்டீனின் கப்ஸ் 2016-ல் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக் கோப்பையைத் தூக்கியபோது, அவருக்கு ஈடாகப் போன பிட்ச்சர் பாஸ்டனில் இல்லை. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வீசும் இளம் கைகள் எப்போது வேண்டுமானாலும் கத்தியைப் பார்க்கும். ஈடாகப் பிட்ச்சரை வாங்குவது எப்போதுமே சூதாட்டம்.

ஆட்டக்காரர் அல்லாத ஒருவருக்காக ஆட்டக்காரரைக் கொடுத்ததில் மிக விநோதமானது 1948-ல் நடந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு வானொலி வர்ணனையாளர் தேவைப்பட்டார். அட்லாண்டா கிராக்கர்ஸ் என்ற மைனர் லீக் அணியின் வர்ணனையாளர் எர்னி ஹார்வெல் மீது கண். கிராக்கர்ஸ் கேட்ட விலை ஒரு கேட்ச்சர். கிளிஃப் டாப்பர் என்பவரைக் கொடுத்து ஹார்வெலை வாங்கினார்கள்.

விலை எப்படிப் படிகிறது

புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு, நிர்வாகி எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை வைத்து ஈட்டைக் கணிப்பது. மெக்ஃபெயிலும் எப்ஸ்டீனும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கினார்கள். உண்மையில் விற்பனைக்கு வருவது மீதமிருக்கும் ஒப்பந்தக் காலம். குத்தகைக்கு எடுத்த நிலத்தை விட்டுக்கொடுப்பதுபோல, மண் எவ்வளவு வளமாக இருந்தாலும் மீதி எத்தனை போகம் என்பதைப் பொறுத்துத்தான் கேட்க முடியும்.

இதை ஒரே ஆளிடம் பார்க்க ஜான் ஃபாரெல் வசதியான உதாரணம். அவர் 2010 அக்டோபரில் டொரோண்டோ ப்ளூ ஜேஸின் மேனேஜராக மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். முன்பு பாஸ்டனில் பிட்ச்சிங் பயிற்சியாளராக இருந்தவர். 2011 இறுதியில் பாஸ்டனில் மேனேஜர் பதவி காலியானதும் அவர்மேல் ஆசை வந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டாண்டு இருந்தது. டொரோண்டோ முன்வரிசைப் பிட்ச்சர் கிளே பக்கோல்ஸைக் கேட்டதாகச் செய்திகள் வந்தன. சமநிலைப் பதவிக்கு எங்கள் ஊழியர்கள் யாரும் போக முடியாது என்று ஒரு கொள்கையையே டொரோண்டோ அறிவித்தது. பாஸ்டன் பின்வாங்கியது. ஓராண்டு கழித்து, 2012 அக்டோபரில், ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மீதி. இப்போது விலை ஷார்ட்ஸ்டாப் மைக் அவிலெஸ். போதாக்குறைக்கு டொரோண்டோ, டேவிட் கார்ப்பென்டர் என்ற ரிலீஃப் பிட்ச்சரையும் சேர்த்துக் கொடுத்தது. (ஒரே ஆண்டில் பாஸ்டனின் இரண்டு ஈட்டு வர்த்தகத்திலும் கார்ப்பென்டர் என்ற பெயரில் ரிலீஃப் பிட்ச்சர் வந்தது தற்செயல். இருவருக்கும் உறவில்லை. செயின்ட் லூயிஸின் புகழ்பெற்ற கிறிஸ் கார்ப்பென்டரும் வேறு ஆள்.) ஃபாரெல் அடுத்த ஆண்டே, 2013-ல், பாஸ்டனுக்கு வேர்ல்டு சீரிஸ் வாங்கித் தந்தார். அவிலெஸை டொரோண்டோ ஒரு மாதம்கூட வைத்திருக்கவில்லை. யான் கோம்ஸோடு சேர்த்து கிளீவ்லாண்டுக்கு அனுப்பிவிட்டது. கோம்ஸ் அங்கே போய் நல்ல கேட்ச்சராகத் தேறினார். ஈடாக வாங்கியதை வைத்து டொரோண்டோ செய்த அடுத்த வியாபாரமும் நஷ்டம்.

மீதி ஆண்டுகள் அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே டொரோண்டோதான் காட்டியது, இந்தமுறை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து. 2014 இறுதியில் பால்டிமோர் ஓரியோல்ஸின் டான் டுகெட்டைத் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவர அது விரும்பியது. அவர் ஒப்பந்தம் 2018 வரை. பால்டிமோர் கேட்ட ஈட்டில் டொரோண்டோவின் புது முதல் சுற்றுத் தேர்வான ஜெஃப் ஹாஃப்மனின் பெயர் அடிபட்டது. வாரக்கணக்கில் இழுத்து, 2015 ஜனவரியில் பேச்சு முறிந்தது. டுகெட் பால்டிமோரிலேயே இருந்தார், டொரோண்டோ பிறகு கிளீவ்லாண்டிலிருந்து மார்க் ஷாப்பிரோவை எடுத்துக்கொண்டது. நான்காண்டு மீதி வைத்திருக்கும் அணிக்கு விற்க அவசரமே கிடையாது. வாங்குபவருக்கோ நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

ஆண்டுக் கணக்கைத் தாண்டி விலையை அசைப்பது, யாருக்கு அவசரம் என்பது. 2002-ல் லூ பினெல்லா சியாட்டில் மரினர்ஸிலிருந்து தன் சொந்த ஊரான டாம்பா பக்கம் வர விரும்பினார். டாம்பா பே டெவில் ரேஸ் ஒரு பெரிய பெயருக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடிய அவுட்ஃபீல்டர் ராண்டி வின்னைக் கொடுத்தார்கள். பினெல்லாவோடு அன்டோனியோ பெரெஸ் என்ற இளைஞரும் வந்தார். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை மேனேஜருக்காகக் கொடுத்த அணி, அந்த மேனேஜரின் மூன்று ஆண்டுகளிலும் 63, 70, 67 ஆட்டங்களே வென்றது. ஓர் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். சியாட்டிலுக்கு வின் 2005 ஜூலை வரை நன்றாக ஆடினார். ஈட்டில் விற்றவர் தெளிவாக ஜெயித்த கணக்கு இது.

மயாமி மார்லின்ஸ் கதை இன்னும் மோசம். 2011 செப்டம்பரில் ஓஸி கியெனுக்காகச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு ஜான் மரினெஸ், ஒஸ்வால்டோ மார்ட்டினெஸ் என இரண்டு இளைஞர்களைக் கொடுத்து, அவருக்கு நான்காண்டு ஒப்பந்தமும் போட்டது. 69 வெற்றி, 93 தோல்வி. ஒரே சீசனில் வேலையை விட்டு நீக்கினார்கள். ஈடு போனது போனதுதான். மீதி மூன்றாண்டுச் சம்பளப் பொறுப்பும் தலையில்.

ஈடே இல்லாமல் போகும் வழிகள்

நீக்கப்பட்டவருக்கு ஈடு கிடையாது. பழைய அணி தன் உரிமையைத் தானே கைவிட்டாயிற்று. பாஸ்டன் 2019 செப்டம்பரில் டேவ் டோம்ப்ரௌஸ்கியை நீக்கியது, 2020 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தபோது பாஸ்டனுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

சில நேரம் பழைய அணி கேட்காமலே விட்டுவிடும். 2021 அக்டோபரில் ஓக்லாந்தின் பாப் மெல்வின், ஒப்பந்தம் இருக்கும்போதே சான் டியேகோவுக்குப் போனார். ஓக்லாந்து எந்த ஈடும் வாங்கவில்லை. செலவைக் குறைத்துக்கொண்டிருந்த அணிக்கு, ஒரு பெரிய சம்பளம் கணக்கிலிருந்து போவதே ஆதாயம்.

ஒப்பந்தத்திலேயே வெளியேறும் கதவு வைத்திருந்தாலும் ஈடு இல்லை. டாம்பா பே ரேஸ் மேனேஜர் ஜோ மேடன் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்தது: நிர்வாகத் தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் அணியை விட்டுப் போனால் இரண்டு வாரத்துக்குள் மேடனும் விலகிக்கொள்ளலாம். 2014 அக்டோபர் 14-ல் ஃப்ரீட்மன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். 24-ல் மேடன் விலகினார். சில நாட்களில் கப்ஸின் மேனேஜர், ஐந்தாண்டு, 2.5 கோடி டாலர். அவருக்கு இடம் கொடுக்க ஒரே சீசன் ஆடியிருந்த ரிக் ரென்டெரியாவை கப்ஸ் நீக்கியது. விலகுவதற்கு முன்பே கப்ஸ் பேசியிருக்கும் என்று டாம்பா பே புகார் கொடுத்தது. நிரூபணமானால் ஈடு கேட்கலாம் அல்லவா? மேஜர் லீக் விசாரித்து 2015 ஏப்ரலில், டாம்பரிங் நடந்ததற்கு ஆதாரமில்லை என்று முடித்தது. இத்தகைய புகார்களை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சு ஏஜென்ட் வழியாக நடக்கும், தொலைபேசியில் நடக்கும், 'சும்மா நலம் விசாரித்தேன்' என்றால் போதும்.

எல்லாவற்றிலும் சுலபமான வழி காத்திருப்பது. நியூயார்க் மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹெனுக்கு டேவிட் ஸ்டெர்ன்ஸ் வேண்டும். ஸ்டெர்ன்ஸ் நியூயார்க்கிலேயே வளர்ந்தவர், மில்வாக்கி ப்ரூவர்ஸில் தலைமை நிர்வாகி. 2021-ல் அனுமதி கேட்டபோது மில்வாக்கி உரிமையாளர் மார்க் அட்டனாசியோ தரவில்லை. 2022 அக்டோபரில் ஸ்டெர்ன்ஸ் பொறுப்பிலிருந்து இறங்கி, ஆலோசகராக அதே அணியில் ஓராண்டைக் கழித்தார். 2023 சீசன் முடிந்ததும் மெட்ஸின் பிரசிடென்ட் ஆனார். மில்வாக்கிக்கு அவருடைய கடைசி ஓராண்டும் பெரிதாகப் பயன்படவில்லை, கைமாறாக ஓர் இளைஞரும் வரவில்லை.

அதே இலையுதிர் காலத்தில் அதே மில்வாக்கிக்கு இன்னோர் அடி. மேனேஜர் கிரெய்க் கவுன்செல் ஒப்பந்தத்தைக் கடைசி நாள் வரை முடித்துவிட்டு, 2023 நவம்பர் 6-ல் கப்ஸோடு ஐந்தாண்டு, 4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். மேனேஜர்களில் அதுவரை யாரும் வாங்காத சம்பளம். ஒரே பிரிவில் ஆடும் எதிரி அணிக்கு, ஒன்றரை மணி நேரக் கார் பயண தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போகிறார். மில்வாக்கியால் ஒரு ரூபாயும் கேட்க முடியவில்லை, ஒரு பிட்ச்சரையும் கேட்க முடியவில்லை.

இதைப் பார்த்த பிறகு அணிகள் கற்றுக்கொண்ட பாடம், தலைவர்களின் ஒப்பந்தத்தைக் கடைசி ஆண்டுக்கு விடாமல் ஓராண்டு மீதமிருக்கும்போதே நீட்டிப்பது. அதற்கு நிர்வாகி சம்மதிக்க வேண்டும். பெரிய ஊரில் நல்ல நாற்காலி காலியாகும் என்று தெரிந்தவர் சம்மதிப்பதில்லை. ஈடு கொடுத்துப் போவது நடக்கிறது என்றால், பெரும்பாலும் அவர் பழைய அணியோடு கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த நாற்காலி காலியாகியிருக்கும்.